சிறப்புக் குழந்தை உள்ள குடும்பத்துக்கு ஒரு சபை: காரைக்குடிப் பக்கம் தேடுகிறவர்களுக்கு

தெரபி சென்டரில் பிள்ளைகள் உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரம் அம்மாக்கள் எல்லோரும் வெளி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்போம். போன மாதம் தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, ஞாயித்துக்கிழமை நீங்க இவனை எங்க கூட்டிட்டுப் போறீங்க? நாங்க சர்ச்சுக்குப் போயே ரெண்டு வருசம் ஆச்சு." நான் சொல்ல ஆரம்பித்துப் பாதிகூட முடிக்கவில்லை, அவள் பிள்ளை வெளியே வந்துவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் ஞாயிறு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

என் மகனுக்குப் பதினொரு வயது. ஆட்டிசம். பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தைதான், சத்தம் கொஞ்சமும் ஆகாது, ஓடுகிற ஃபேன் என்றால் உயிர். அவனுக்குக் கீழே எட்டு வயதில் ஒரு மகள். நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். அங்கே ஒரு கோயில் சரிப்படவில்லை என்றால் நாலு தெரு தள்ளி இன்னொரு கோயில் இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, செட்டிநாட்டில் கிறிஸ்தவர்கள் நாம் கொஞ்சம் பேர், சபைகளும் கொஞ்சம். அதனால் "பிடிக்கலையா, வேற சர்ச் பாரு" என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே உதவாது. பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ இருப்பவர்களுக்கு ஒரு சபைக்குப் போவதென்றாலே பஸ் பிடித்துக் காரைக்குடிக்கு வரவேண்டும். இருக்கிற நாலைந்தில் எது நம் வீட்டுக்கு ஆகும் என்று பொறுமையாகப் பார்ப்பதுதான் வழி.

அன்பான சபை வேண்டுமா, உபதேசம் சரியாக இருக்கும் சபை வேண்டுமா என்று இரண்டாகப் பிரித்துத்தான் நானும் தேடினேன், அதில் இரண்டு வருடம் போய்விட்டது. இப்போது என்னைக் கேட்டால் ஒரே கேள்வி போதும் என்பேன். உன் பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தான் என்பதற்கு அந்தச் சபை என்ன பதில் வைத்திருக்கிறது? அந்தப் பதிலில் அவர்களுடைய உபதேசமும் தெரிந்துவிடும், உங்களை எப்படி நடத்துவார்கள் என்பதும் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தேடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை

ஒரு தாளை எடுத்து உங்கள் பிள்ளைக்கு எது ஆகாது, எது இருந்தால் போதும் என்று எழுதுங்கள். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே 21 வகை ஊனங்களைக் கணக்கில் வைத்திருக்கிறது, அப்படியிருக்க "எங்க பிள்ளை ஸ்பெஷல் சைல்டு" என்று மட்டும் சொன்னால் எந்தப் பாஸ்டருக்கும் ஒன்றும் விளங்காது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படியும் டாய்லெட்டும்தான் முதல் பிரச்சினை. வலிப்பு வரும் பிள்ளைக்கு மின்னி மின்னி எரியும் மேடை விளக்கு ஆகாமல் போகலாம், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். என் மகனுக்குச் சவுண்ட் பாக்ஸ். எங்கள் தாளில் நாலே வரிதான் இருந்தது: பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார மாட்டான், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான், நடுவில் எழுந்து நடப்பான், அறிமுகம் இல்லாதவர்கள் தலையில் கை வைத்தால் அலறுவான். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் சபைக்குக் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்தது தூரம். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒன்பது மணிப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பிள்ளை கோயிலுக்குள் நுழையும்போதே தீர்ந்துபோய் இருப்பான். மதுரையில் பெரிய சபை இருக்கிறது, சிறப்புக் குழந்தைகளுக்குத் தனி வகுப்பே நடத்துகிறார்கள் என்று யாராவது சொன்னால் ஒரு நாள் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வாருங்கள். வாராவாரம் போக முடியாது. அப்புறம், பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ராத்திரியில் ஒரு டிஃபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான் நமக்குச் சபை.

உபதேசத்தை எப்படிப் பார்ப்பது

இந்தப் பக்கம் என்னென்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கர்களுக்குச் சிவகங்கை மறைமாவட்டம், 1987ல் மதுரையிலிருந்து பிரிந்தது, சிவகங்கை, இராமநாதபுரம் இரண்டு மாவட்டமும் அதற்குள் வரும். சி.எஸ்.ஐ. என்றால் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலம். லுத்தரன் சபைக்காரர்கள் உண்டு, பெந்தெகொஸ்தே சபைகள் உண்டு, சகோதரர் சபையார் உண்டு, அப்புறம் ஒரு பாஸ்டர் தானே தொடங்கி நடத்தும் சுயாதீன சபைகள். இதில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை, ஞானஸ்நானத்திலும் திருவிருந்திலும் இவர்களுக்குள் பழைய வேறுபாடுகள் இருக்கின்றன, அதில் உங்கள் மனச்சாட்சி எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். நான் பார்க்கச் சொல்வது அஸ்திவாரம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம், கிறிஸ்து மெய்யான தேவனும் மெய்யான மனிதனும் என்பது, சிலுவை, உயிர்த்தெழுதல், இரட்சிப்பு கிருபையினால் என்பது. 325ல் நிசேயாவிலும் 381ல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடி எழுதிவைத்த நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுப் போனால் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கத்தோலிக்கக் கோயிலிலும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் விசுவாசப் பிரமாணம் ஆராதனையிலேயே சொல்லப்படும். சொல்லாத சபைகளில், "பாஸ்டர், உங்க சபையோட விசுவாச அறிக்கை ஏதாவது எழுத்துல இருக்கா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பவுல் சொன்னதையே வேதத்தில் ஒத்துப் பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் 17 பாராட்டித்தான் எழுதியிருக்கிறது. திரித்துவத்தை மறுக்கும் குழுக்களும் வீட்டு வாசலுக்கு வரும், மிக அன்பாகப் பேசும், தனித்துப் போன குடும்பத்துக்கு அந்த அன்பு பெரிய இழுப்பு, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நிறையச் சபைகள் பிரசங்கத்தை யூடியூபில் போடுகின்றன. போய்ப் பார்ப்பதற்கு முன்னால் நாலைந்தை வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். பண்டிகைப் பிரசங்கம் வேண்டாம், சாதாரண ஞாயிறு ஒன்றை எடுங்கள். சுகமளித்தலைப் பற்றிப் பேசும் இடம் வந்தால் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இங்கேதான் என் ஒரே கேள்வி வருகிறது. யோவான் 9ல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டார்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று. "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நம் ஊரில் இந்தக் கேள்வி தீர்ந்தபாடில்லை. என் கணவர் அவர் வீட்டில் முதல் விசுவாசி. மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த வருடம் அவருடைய சொந்தக்காரர்கள், "குலதெய்வத்தை விட்டீங்கல்ல, அதான்" என்றார்கள். சரி, அவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு சபைக்குப் போனோம். அங்கே சொன்னார்கள், "உங்க முன்னோர் விக்கிரகம் கும்பிட்ட சாபம், கட்டு உடைக்கணும்." ஒரே கல், இரண்டு பக்கத்திலிருந்தும். அன்றைக்கு ராத்திரி என் கணவர் எசேக்கியேல் 18ஐ எடுத்து வைத்துக்கொண்டு, தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்ற வசனத்தை ஏழெட்டு முறை வாசித்தார். எனக்கு இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அந்தச் சபையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மகனை நடுவில் உட்கார வைத்து நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், நெற்றியில் எண்ணெய், காதுக்குப் பக்கத்தில் மைக். ஊமையான ஆவியே வெளியே போ என்று சத்தம். நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, விசுவாசம் இல்லாதவள் என்று நினைப்பார்களே என்று பயந்து நின்றேன். அதற்குப் பிறகு ஏழு மாதம், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் எந்த ஹாலுக்குள்ளும் அவன் கால் வைக்கவில்லை, ரேஷன் கடை வரிசையைப் பார்த்தால்கூடக் கையை உதறிக்கொண்டு ஓடினான். மாற்கு 9ல் ஊமையான ஆவி பிடித்த ஒரு பையனிடமிருந்து இயேசு அந்த ஆவியைத் துரத்தியதை நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் மத்தேயு 4:24ஐ எடுத்துப் பாருங்கள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு உள்ளவர்கள்), திமிர்வாதக்காரர்கள் (முடக்குவாதம் உள்ளவர்கள்) என்று தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே வேதத்துக்குத் தெரிந்த வித்தியாசம் இன்றைக்கு ஒரு மேய்ப்பருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

மருந்து விஷயம் இதைவிட அவசரம். வலிப்பு மாத்திரையை "விசுவாசத்தோட நிறுத்துங்க" என்று யார் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், கேட்காதீர்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் சொல்லிப் படிப்படியாகச் செய்கிற காரியம். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் எழுதினார், மருந்து வேண்டாம் என்று எழுதவில்லை. அதே பவுல்தான் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார், தன் சரீரத்தில் முள்ளாக இருந்த உபத்திரவம் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டும் நீங்கவில்லை என்றும் எழுதுகிறார். விசுவாசம் குறைந்ததால்தான் சுகமாகவில்லை என்று பிரசங்கிக்கும் சபை இந்த மூன்று இடத்தையும் எப்படி விளக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். 1967ல் பதினேழு வயதில் தண்ணீரில் குதித்து அடிபட்டுக் கைகால் செயலிழந்த அமெரிக்க ஊழியர் ஜோனி எரிக்சன் டாடாவுக்காக எத்தனை ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. அவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார், இத்தனை வருடம் ஊழியமும் செய்திருக்கிறார். சுகத்துக்காக ஜெபிக்காத சபை எனக்கு வேண்டாம். சுகம் வராத பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியாத சபையும் வேண்டாம். சுகத்துக்கு முன்னால் காணிக்கை கேட்டால், "விதை விதையுங்க, அற்புதம் அறுப்பீங்க" என்று உங்கள் பிள்ளையைக் காட்டிக் கேட்டால், அங்கே வேறெதையும் சோதிக்கத் தேவையில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபோன் பண்ணுவது

முதல் தடவை நேரே ஞாயிற்றுக்கிழமை போய் நிற்க வேண்டாம். செவ்வாய், புதன் கூப்பிடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பிரசங்கம் தயார் பண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் பேசியது கிட்டத்தட்ட இப்படி: "ஐயா, ஸ்தோத்திரம். நாங்க காரைக்குடிதான். எங்க பையனுக்கு ஆட்டிசம், சத்தம் ஆகாது, நடுவுல எந்திரிச்சு நடப்பான். உங்க சபைக்கு வரலாம்னு இருக்கோம். கதவு ஓரமா உட்காரலாமா? நடுவுல வெளிய போயிட்டு வந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்களா?" இவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். ஒருவர், "கூட்டிட்டு வாங்கம்மா, ஒரே ஜெபத்துல சரியாயிடும்" என்றார். இன்னொருவர் கொஞ்சம் தயங்கி, "பிள்ளைங்க சத்தம் போட்டா மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்னு சொல்றாங்க, பார்ப்போம்" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதைதான். மூன்றாவது ஆள், "தம்பி பேர் என்னம்மா?" என்று கேட்டார். அப்புறம், "அவனுக்கு எது பிடிக்கும்?" என்றார். ஃபேன் என்றேன். "எங்ககிட்ட நாலு ஃபேன் இருக்கு, ஒண்ணு மட்டும் ஆடிக்கிட்டே ஓடும்" என்றார். இப்போது நாங்கள் போவது அங்கேதான்.

வாரநாளில் சபை பூட்டியிருக்கும் நேரத்தில் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள். காலிக் கட்டிடத்தில் பிள்ளை பத்து நிமிஷம் சுற்றிவரட்டும், தரை, ஜன்னல், மணி, டாய்லெட் எல்லாம் பார்க்கட்டும். வாசல், உட்காரப்போகும் இடம், மேடை என்று நாலு படம் எடுத்துக்கொண்டு வந்து வாரம் முழுவதும் வீட்டில் காட்டுங்கள். என் மகனுக்கு அந்த நாலு படம் செய்த நன்மை கொஞ்சநஞ்சமில்லை.

சக்கர நாற்காலிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இப்படிப் பார்க்கப் போகும்போது அளக்கும் டேப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நம் பக்கம் பழைய வீடுகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் சபைகள் உண்டு, செட்டிநாட்டு வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும், கைப்பிடி கிடையாது, ஆள் மாற்றி ஆள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்துக்கு அளவு. இரண்டு அடித் திண்ணைக்கு இருபத்திநாலு அடி வேண்டும், அவ்வளவு வாசல் எல்லா இடத்திலும் இராது. பலகையை வைத்து ஏற்றிவிடலாம் என்று அன்பாகச் சொல்வார்கள், செங்குத்தான பலகையில் நாற்காலி பின்னால் சரியும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்கட்டு வழியாகத் தெருமட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வீடுகள் பல ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை போகும், பின்வாசல் சில சமயம் தாழ்வாக இருக்கும். மாடியில் நடக்கும் சபை என்றால் கீழே மாற்ற முடியுமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், முட்டிவலிப் பாட்டிமார்களும் உங்களை வாழ்த்துவார்கள். தகர ஷெட் என்றால் ஐப்பசி கார்த்திகை மழையை நினைத்துக்கொள்ளுங்கள், சவுண்ட் பாக்ஸைவிடச் சத்தம் அதில்தான்.

முதல் ஞாயிறும் அடுத்த ஐந்து ஞாயிறும்

பண்டிகை நாளில் தொடங்காதீர்கள். கிறிஸ்துமஸ், அறுப்பின் பண்டிகை, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை எதுவும் வேண்டாம். பல சபைகளில் திருவிருந்து ஞாயிறு நீளமாகப் போகும், அதையும் தள்ளிவையுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் முதலில் ஓரியூருக்குக் கூட்டிப் போய் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வரலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1693ல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்திய இடம், போகத்தான் வேண்டும், ஆனால் அவருடைய திருநாளான பிப்ரவரி 4 கூட்டத்தில் வேண்டாம், சாதாரண வாரநாளில் போங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் இருந்தால் போதும். பாட்டு முடிந்து வேத வாசிப்புக்கு உள்ளே போய், பிரசங்கம் பாதியில் வெளியே வந்தாலும் அது ஒரு நல்ல ஞாயிறுதான். பையில் காது மூடும் ஹெட்ஃபோன், தண்ணீர், மாற்று உடை, அவனுக்குப் பழகின ஒரு பொருள். தின்பதற்கு அதிரசம் மாதிரி மெத்தென்று இருப்பது எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஜெபத்தின் நடுவில் தேன்குழல் கடித்தால் மூன்று வரிசைக்குக் கேட்கும். இரண்டு பேரும் போகிறீர்கள் என்றால் யார் எழுந்து வெளியே போவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் வாராவாரம் வெளி வாசலில் நின்றால் அந்த ஆளுக்குச் சபை இல்லாமலே போய்விடும். எங்கள் வீட்டில் அது ஒன்றரை வருடம் நான்தான்.

பிள்ளை சத்தம் போட்டதும் நாலு தலை திரும்பும். ஒருமுறை திரும்புவது மனித சுபாவம், அதை மனதில் வைக்காதீர்கள். இரண்டாவது முறை என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேடையிலிருந்து மைக்கில் "அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் வெளிய" என்று வருகிறதா? பாஸ்டர் சத்தம் அடங்கும் வரை ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டுத் தொடர்கிறாரா? யாராவது எழுந்து வந்து பையை எடுத்துத் தருகிறார்களா? பிள்ளையைக் காட்டி, "நமக்கெல்லாம் கர்த்தர் எவ்வளவு நல்லவர், நம்ம பிள்ளைங்க நல்லா இருக்காங்க" என்று பிரசங்கத்தில் சொன்னால், சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் ஆராதனை முடிந்ததும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், அது எங்களுக்கு வலித்தது என்று. அதை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில் அந்தச் சபையின் எதிர்காலமே தெரியும். இன்னொன்று, ஆராதனை நேரலையில் போகிறது என்றால் கேமரா எங்கே பார்க்கிறது என்று கேட்டு அதற்கு வெளியே உட்காருங்கள். என் மகன் அழுது புரளும் வீடியோ யாருடைய சாட்சிக்கும் விளம்பரமாகக் கூடாது.

இரண்டாவது வாரம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கீபோர்டும் பேடும் (தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்) தொடங்கியதும் மகன் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். ஆராதனை முடிந்தபிறகு பேடு வாசிக்கும் பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், வெளியே வந்து, "அக்கா, எவ்வளவு சத்தம்னா தம்பிக்கு ஓகே?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாங்க என்று உள்ளே கூட்டிப்போய் மிக்ஸரை ஆன் பண்ணி, ஒரு கையால் பேடைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். மகன் தூரத்தில் நின்றான். ஒரு இடத்தில் காதிலிருந்து கையை எடுத்தான், பக்கத்தில் வந்தான், அந்தக் குமிழ்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தான். அந்தப் பையன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, குமிழ் நின்ற இடத்தில் மிக்ஸர் மேலேயே ஒரு கோடு போட்டான். இன்றைக்கும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை.

ஒரு ஞாயிறை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், நல்லதாகவும் சரி கெட்டதாகவும் சரி. ஆறு ஞாயிறு கொடுங்கள். படி, சத்தம், இருக்கை, தெரியாத்தனம், ஐயோ பாவம் என்ற பார்வை, இவையெல்லாம் மாறக்கூடியவை, நாம் பேசினால் மாறும், கொஞ்சம் நாளாகும். பிள்ளையின் நிலைக்குப் பாவமும் சாபமும் விசுவாசக் குறையும் காரணம் என்ற உபதேசம் மட்டும் நம்மால் மாற்ற முடிகிற காரியம் இல்லை.

உள்ளே வந்த பிறகு

ஆறு வாரம் ஆகி, சரி இதுதான் என்று தோன்றினால், மேய்ப்பரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து பேசுங்கள். முதலில் சாக்கிரமெந்துகள், அதாவது ஞானஸ்நானம், திருவிருந்து மாதிரியான திருச்சடங்குகள். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபை என்றால் அந்தக் கேள்வி எளிது, வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தலில்தான் சிக்கும், பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடம் ஒப்பிக்கச் சொல்வார்கள், பேசாத பிள்ளை என்ன செய்வான்? கத்தோலிக்கரென்றால் புதுநன்மைக்கு (முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு) எப்படித் தயார் பண்ணுவது என்று ஃபாதரிடம் முன்கூட்டியே பேசுங்கள், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் இவனுக்குத் தெரிகிறது என்பதை அவன் வாயால் சொல்லாமல் பார்வையாலும் நடத்தையாலும் காட்டலாம். விசுவாசித்து அறிக்கையிட்ட பிறகே முழுக்கு ஞானஸ்நானம் என்னும் சபைகளில், வாயால் அறிக்கையிட முடியாத பிள்ளையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பலர் இதை யோசித்தே இருக்க மாட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்பவர் நல்லவர்.

அடுத்தது பாதுகாப்பு, இதில் கூச்சமே வேண்டாம். பேசத் தெரியாத பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அவனால் வந்து சொல்ல முடியாது. ஞாயிறு பள்ளியோ விடுமுறை வேதாகமப் பள்ளியோ, எந்த நேரத்திலும் ஒரு பெரியவர் மட்டும் அவனோடு தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேர், டாய்லெட்டுக்கு அம்மா அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012லிருந்து இருக்கிறது, அது கோயிலுக்கும் உண்டு. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அந்த நாலு வரித் தாளை ஞாயிறு பள்ளி டீச்சருக்குக் கொடுங்கள். அவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே படிப்பு இருக்கிறது, உங்கள் சபையிலேயே அதைப் படித்தவரோ படிக்கிறவரோ இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள். யோனத்தானின் மகன், கால் முடமான மேவிபோசேத்தின் கதையைச் சொல்லிக்கொடுக்கும் வாரம் டீச்சரிடம் ஒன்று சொல்லுங்கள், தாவீது அவன் காலைச் சரியாக்கவில்லை, தன் பந்தியில் இடம் கொடுத்தான், கதை முடியும்போதும் அவனுக்கு இரண்டு காலும் முடம்தான் என்று. பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

கூடப் பிறந்தவர்களை மறக்க வேண்டாம். என் மகளை எல்லோரும், "அண்ணனைப் பார்த்துக்கிற நல்ல பிள்ளை" என்றே பாராட்டினார்கள். ஒருநாள் அவள், "அம்மா, சண்டே ஸ்கூல்ல மட்டும் நான் அண்ணனைப் பார்த்துக்க வேண்டாமா?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் மகனோடு வாசலில் உட்கார ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா வருகிறார், இருவரும் ஒன்றும் பேசுவதில்லை, கொடியில் காயும் துணி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், முழுச் சபையும் மாற வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களிலும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் சில வருடத்துக்கு ஒருமுறை ஃபாதரும் ஐயரும் (அதாவது போதகரும்) மாறுவார்கள். போனவர் செய்துவைத்த ஏற்பாடெல்லாம் வருகிறவருக்குத் தெரியாது. மாறுதல் செய்தி வந்ததும், புதியவர் சாமான் இறக்கிய முதல் வாரத்திலேயே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் தங்கும் குருமனைக்குப் போய் அந்தத் தாளில் ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள்.